இரண்டு சபைக்கும் ஆளாக இருந்த அக்காவுக்கு

அக்கா,

பேரவைக் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் காடாத்துணிப் பை இன்று என் கைக்கு வந்தது. வீட்டைக் காலி செய்த உங்கள் தம்பி கொடுத்துவிட்டுப் போனார். முகர்ந்து பார்த்தேன். பிரயாணத்துக்கு நீங்கள் முடிந்துவைக்கும் ஓமத்தின் வாசனை இன்னும் போகவில்லை. உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் போகவில்லை.

நாட்டிலுள்ள புராட்டஸ்டண்ட் சபைகளை ஒன்றாக உட்காரவைக்கிற தேசியப் பேரவை அது. நம் பக்கத்துப் பெண்கள் சார்பில் நீங்கள் போய்வருவீர்கள். வந்ததும் பள்ளிபாளையத்துத் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்துவீர்கள். "ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லாரும் வாங்குனோம் சாமி. நீ எந்தச் சபைன்னு ஒருத்தருங் கேக்கலே."

"அதை இங்க வந்து சொல்லிப் பாருங்கக்கா, அடிக்க வருவாங்க" என்று சிரிப்பேன்.

நீங்கள் செய்தே காட்டினீர்கள். ஒரு ஞாயிறு, தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற எங்கள் கோயில். மறு ஞாயிறு, ஆளையே முக்கி எடுக்கிற எதிர்ச்சாரிச் சபை. "ஏதாவது ஒண்ணுல பேரைப் பதிஞ்சுக்கங்கம்மா" என்று எங்கள் ஆயர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "ஒண்ணுல பதிஞ்சா இன்னொண்ண உட்டுட்டதா ஆயிருமுங்களே ஐயா" என்றீர்கள். பிடிவாதமா அது, பைத்தியக்காரத்தனமா?

நீங்கள் ஐஸ் பெட்டியில் கிடந்த அன்று, அடக்கத்துக்கு இடம் கேட்டதற்கு எங்கள் ஆயர், "அவங்க அந்தச் சபைதானே, எங்க கமிட்டி ஒத்துக்காதும்மா" என்றார். எதிர்ச்சபைப் பாஸ்டரிடம் ஓடினேன். "எங்ககிட்ட முழுக்கு எடுக்கலீங்களே, எங்க கல்லறைத் தோட்டத்துல எப்படீங்க வெக்கறது?" இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள். அதுதான் கொடுமை.

பேரவை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பேசியவர் நல்ல மனிதர். இரண்டு பேரிடமும் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்ப அழைத்தார். "சபைகளைக் கேட்டுக்கத்தாம்மா எங்களால முடியும். உத்தரவு போட முடியாது." நீங்கள் பெருமையாகச் சொன்னதும் இதைத்தானே? "பேரவை அதட்டாது சாமி, கேட்டுக்கிட்டேதான் இருக்கும்." கேட்டார்கள் அக்கா. ஆறடி மண் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க, ரெண்டு எடத்துலயும் ஒரே சாமிதானுங்களே?" என்றார். அவர்தான் வண்டி பிடித்தார். உயிர்த்தெழும் நாள்வரை மண்ணில் தூங்கவேண்டும் என்று ஆசைப்பட்ட உங்களை, ஆற்றுக்கு அக்கரையில் தகன மேடையில் எரித்தோம். ஜெபம் சொல்ல ஆயரும் வரவில்லை, பாஸ்டரும் வரவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். பாதியோடு நின்றுவிட்டது.

இப்போது பேரவையில் உங்கள் இடத்துக்கு என்னைப் போகச் சொல்கிறார்கள். போய் என்னத்தைப் பேச? ஐக்கியம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இந்த ஈஸ்டர் விடியலில் இரண்டு கல்லறைத் தோட்டங்களிலும் அவரவர் தங்கள் சொந்தங்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உங்களுக்காக நானும் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். வைக்க இடமில்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், அக்கா. ஏற்றாமல் இன்னும் என்னிடமே இருக்கிறது.