பூஜையில் வைத்த பி.ஏ.

பா நகரம், பிஜித் தீவு
அக்டோபர் 1937

சௌபாக்கியவதி மரகதத்திற்கு,

நான் சுகம். உனக்கு மூச்சிரைப்பு நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டையும் மறைக்காமல் எழுது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நேற்று சரஸ்வதி பூஜை. சுவரில் மாட்டியிருந்த என் பி.ஏ. பட்டத்தைப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கழற்றி, புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டார்கள். சர்வகலாசாலை முத்திரைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

பூஜை முடிந்ததும், பச்சமுத்து என்கிற கரும்பு விவசாயி, நாலாம் வகுப்பில் படிக்கும் தன் மகளை முன்னால் நிறுத்தி, “மாஸ்டர்ஜி, இந்தக் காயிதம் எம் பொண்ணுக்கும் கெடைக்குங்களா?” என்று கேட்டார்.

இந்தத் தீவில் சர்வகலாசாலையே கிடையாது. எட்டாவது தேறி, கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதி, கப்பலேறிப் போய் இன்டர்மீடியட் படித்து, அதற்கப்புறம்தான் பி.ஏ. அந்தக் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்க இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர ஆளில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன். “கிடைக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால், நான் விற்கச் சொன்ன என் பழைய காலேஜ் புத்தகங்களை விற்காதே. பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டுக் கட்டி அனுப்பு. கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாயும் வை. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் நாலாவதுதான் படிக்கிறாள், மரகதம்.

அவசரத்தில்,
வைத்தியலிங்கம்