கல்லுக்கு அடியில் வைத்த காகிதம்

காக்,

உன் மகள் நேற்று மத்தியானம் வந்தாள். கையில் ஒரு பை. "மாமி, அம்மா இதை உங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். பிரித்தால் உள்ளே ஒரு கல். நம் கல். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுப்பு, விளிம்பில் மரத்தூள் பசை காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் என்னைப் பிடித்துவிட்டாய்.

நீ மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், அக்கா என்பதை மட்டும் காக் என்றே விட்டுவிட்டேன். எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான். தமிழ் வம்சம்தான் என்றாலும் தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டுப் பேச்சு மலாய்; சாமி பேரையும் பலகாரப் பேரையும் தவிர உனக்குத் தமிழ் தெரியாது. இதை உன்னால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தானே எழுதுகிறாய் என்று கேட்பாய். கேள். உண்மைதான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷத்து மார்கழி அது. காஜா பெராங்கில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி. விறகு வாங்கிக் கட்டுப்படியாகாமல் அடுப்பெரிக்க நாம் காகிதக் கட்டி செய்துகொண்டிருந்தோம். ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடைகளில் கழித்த காகிதத்தை நான் சுமந்து வருவேன். நீ பலகை மில்லில் மரத்தூள் அள்ளி வருவாய். கிழித்து ஜாடியில் மூன்று நாள் ஊறப்போட்டு, உலக்கையால் இடித்து, மரத்தூளும் மரவள்ளிக் கஞ்சியும் சேர்த்துப் பிசைவோம். ஆணியால் ஓட்டை போட்ட பால் டின்னில் அடைத்து நீ கட்டையால் அழுத்துவாய். தண்ணீர் வடிந்ததும் தட்டினால் கட்டி தகரத்தின் மேல் வந்து உட்காரும்.

உனக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே ஒரு சட்டம் வைத்திருந்தாய். கையெழுத்தோ முத்திரையோ சாமி படமோ இருந்தால் அந்தக் காகிதம் ஜாடிக்குப் போகாது, கல்லுக்கு அடியில் போகும். நான் பிரித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அதற்குத் தண்ணீர். "துணிக்கடை பில்லுக்கெல்லாம் இவ்வளவு மரியாதையா, மகாராணி?" என்று கிண்டல் செய்வேன். "யாரோ உட்கார்ந்து கையால எழுதியிருக்காங்க. என்னன்னே தெரியாம நான் எப்படி அதைக் கொல்றது?" என்பாய்.

போகியன்று உங்கள் வீட்டில் பர்ச்சு. செத்துப்போன பெரியவர்களுக்கெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். அதற்கு நூறு கட்டி வேண்டும் என்றாய். காகிதம் போதவில்லை. என் வீட்டு அலமாரி மேல் கிடந்த பழைய பத்திரிகைக் கட்டை அப்படியே தூக்கி வந்து உன்னிடம் போட்டேன். அன்று காலையில் என் வீட்டுக்காரரோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. நீ பிரித்துப் பிரித்து நாலைந்து தாளைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, "பார்த்துடு" என்று சொல்லிக் கிணற்றுப் பக்கம் போனாய். நான் கல்லைத் தூக்கினேன். பிரிக்கவில்லை. மொத்தமாக எடுத்து நாலாகக் கிழித்து ஜாடியில் போட்டேன். அதில் ஒன்று தடிப்பாக இருந்தது. விரலுக்குத் தெரிந்தது, காக். தெரிந்தும் போட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தவர் அலமாரியைத் துழாவினார். திங்கட்கிழமை பிரஜா உரிமை ஆபீசுக்கு வரச்சொல்லி அவருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவர் அவர். இத்தனை வருஷம் இந்த மண்ணில்தான் இருந்தார் என்பதற்கு எஸ்டேட் துரை முத்திரை குத்திக் கொடுத்த கடிதம் ஒன்றுதான் சாட்சி. கரையான் அரிக்கும் என்று பத்திரிகைக்குள் மடித்து வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"பேப்பர் கட்டு எங்கடி?" என்றார். விரலில் பட்ட அந்தத் தடிப்புத் தாள் நினைவுக்கு வந்தது.

"துரை சீமைக்குப் போயிட்டான். எஸ்டேட்டையும் வித்துட்டானுங்க. இன்னொரு சுராட் கடுதாசி எவன் எழுதித் தருவான்? என்னை வெளிநாட்டான்னு எழுதிருவானுங்க. நீ இங்க பொறந்தவ. நான் எங்க போவேன்?" என்னை ஒரு நாளும் கை நீட்டி அடிக்காத மனுஷன். அடித்திருந்தால்கூட உண்மை வந்திருக்குமோ என்னவோ.

"நான் என்ன பண்ணட்டும்? பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் ஒரு எழுத்துத் தெரியாதே. அவதான் எடுத்து ஊறப்போட்டுட்டா."

நீ வேலிக்கு அந்தப் பக்கம் பால் டின்னோடு நின்றிருந்தாய். அவர் திரும்பி மலாயில் கேட்டார், "நீயா போட்டே?" என்று. நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பாவி, அந்த நிமிஷம் என் நாக்கு எங்கே போயிற்றோ.

"ஆமா. நான்தான். வாங்க, தேடுவோம்" என்றாய்.

பர்ச்சுக்காகக் காயவைத்திருந்த கட்டிகளைத் தகரத்தோடு இழுத்துப் போட்டு முதல் கட்டியை நீதான் உடைத்தாய். உன் மாமியார் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றாக உடைத்தோம், தண்ணீரில் கரைத்தோம், விரலால் அலசினோம். முத்திரை மை மாதிரி ஒரு நீலத் துணுக்கு கிடைத்தால் அவர் மூச்சு நிற்கும். அது துணிக்கடை விளம்பரமாக இருக்கும். வெயில் சாயும்போது ஒரு கட்டியின் விளிம்பில், தடித்த தாள் என்பதால் உலக்கைக்குத் தப்பி, முத்திரையில் பாதியும் துரையின் கையெழுத்தும் தெரிந்தன. பிரித்தால் கிழிந்துவிடும் என்று கட்டியோடு அப்படியே வைத்தாய். இன்னொன்றில் அவர் பேரில் நாலு எழுத்து. வருஷம் எழுதிய துண்டு கிடைக்கவே இல்லை. தகரத்தில் ஒரு முழுக் கட்டி மிச்சமில்லை.

திங்கட்கிழமை நீயாகக் கிளம்பி வந்தாய், கெபாயாச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. ஆபீசர் அந்தக் கட்டியை மேசைமேல் வைத்து முகர்ந்து பார்த்தார். "இது யார் செய்த வேலை?"

"நான்தான், துவான். எனக்கு எழுத்துத் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "எனக்கு எழுத்துத்தான் தெரியாது, துவான். ஆளைத் தெரியும். என் தாத்தாவோட தாத்தா பொறந்த ஊரு இது. இவர் கல்யாணம் கட்டி எங்க பக்கத்து வீட்டுக்கு வந்த நாளிலேருந்து எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி இங்க எஸ்டேட்டுல இருந்ததை இந்த முத்திரை சொல்லுது. சத்தியம் பண்ணவா?" என்றாய். பண்ணினாய், கட்டை விரலை மையில் அழுத்தி. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலு அடி வைத்தால் போதும். வைக்கவில்லை.

அவருக்குப் பிரஜா உரிமை கிடைத்தது. உனக்குப் பர்ச்சுக்கு ஈர விறகு கிடைத்தது. புகையில் கண் சிவந்து, மாமியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு சமைத்தாய். அவர் சாகும்வரை உன்னைப் பற்றிச் சொல்வார், "படிக்காத பொம்பளை, ஆனா தங்கமான மனசு" என்று. நான் கேட்டுக்கொண்டு சோறு போட்டேன்.

அதன் பிறகு நீ கல்லை வெளியே எடுக்கவே இல்லை. எழுத்து உள்ள ஒவ்வொரு தாளையும் என் கையிலேயே கொடுத்து, "சுடா தெங்கோ?" என்பாய். பார்த்தாச்சா என்று. "சுடா" என்பேன். கேஸ் அடுப்பு வரும்வரை எத்தனை வருஷம், எத்தனை தாள். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்கத்தான் நீ காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் விழுங்கினேன். நீயும் ஒரு நாள் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் என்னடி உனக்கு!

ஞாயிற்றுக்கிழமை உன் மகளை வரச்சொல்லியிருக்கிறேன். அவர் படத்துக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, இதை மலாயில் சொல்லி வாசிக்கப்போகிறேன். நீ படிக்கத் தெரியாமல் போட்டாய் என்று இந்த வீட்டில் இனி யாரும் சொல்லக்கூடாது. அதுவரை இந்த மடல் உன் கல்லுக்கு அடியில் இருக்கும்.

நீ கேட்பாயே, சுடா தெங்கோ என்று. இல்லை, காக். பார்க்கவில்லை. நான்தான் போட்டேன்.