முதல் ஆளாகக் கை நீட்டியவருக்கு

என்னங்க, என் அன்பானவரே,

நீங்கள் போன பிறகு ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மறுபடி துளிர்த்துவிட்டன. நம் ரீத்தாவுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளைக்கு லூனாஸில் தொழிற்சாலை வேலை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மனம் முன்பு நடந்த அந்த நோய்த் தடுப்புக் கூட்டத்துக்கே போகிறது.

எய்ட்ஸ் என்ற பெயரையே அன்றுதான் கேட்டோம். பாலிங் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் மிஸ்ஸி, தோட்டத்து மண்டபத்தில் ஆணுறையை எடுத்துக் காட்டியதும் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டோம். ஆண்கள் சிரித்தார்கள்.

"வெள்ளக்காரன் சீக்கு லா அது. நம்ம பக்கம் யாருக்கு இருக்கு?" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

"இல்லாதப்பவே பேசுனாத்தான் அண்ணே, வராம தடுக்கலாம்" என்றாள் மிஸ்ஸி. யார் காதிலும் ஏறவில்லை.

நீங்கள் எழுந்தீர்கள். "நான் சியாம் எல்லை வரைக்கும் லோரி ஓட்டுறவன். வந்தா எங்க மூலமாத்தான் வரும். எனக்குக் குடும்மா" என்று கை நீட்டினீர்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மறுநாள் குழாயடியில் ஒரே கிசுகிசுப்பு. சோறு போடும்போது கேட்டே விட்டேன்: "ஊரே சிரிக்குது. வெளிய போய் அப்படி என்னங்க பண்றீங்க?"

"நான் தப்பு பண்ணல செலின், சத்தியமா. கூட ஓட்டுறவனுங்க கேக்க வெக்கப்படுறானுங்க. ஒருத்தன் மொதல்ல அவமானப்படணும்ல?"

அன்று பாதிதான் நம்பினேன். கொஞ்ச நாளில் டிரைவர்கள் பின்வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். "அண்ணி, அண்ணன் இருக்காரா?" நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆணுறையை எடுத்துக் கொடுத்தீர்கள். ஒருநாள் மண்டோரின் மனைவியே வந்தாள். "என் மருமகனும் லோரிதான் செலின். என் மகளுக்கு இத எப்படிச் சொல்றது?" என்று அழுதாள். அன்றுதான் மீதிப் பாதியும் நம்பினேன்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன பிறகும் மிஸ்ஸி வருகிறாள். இப்போது நானும் அவள் பக்கத்தில் நின்று பேசுகிறேன், தெரியுமா?

இனி ரீத்தா சேதி. கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தம் சோதித்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளையிடம் அவளே கேட்டாள். சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்தேன். மாப்பிள்ளையோ, "நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார். ஒன்றாகப் போனார்கள், ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தத் துணிச்சல் அவளுக்கு யாரிடமிருந்து வந்திருக்கும்?

அடுத்த வாரம் கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் பேச வேண்டும். மிஸ்ஸி வர முடியாது, நான் மட்டும்தான். அங்கேயும் சிரிப்பார்கள். சிரித்து ஓயட்டும். அதுவரை உட்காரமாட்டேன், நின்றுகொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
ரீத்தாவின் அம்மா செலின்