எங்கள் ஊரில் எட்டு ராஜா

பிப்ரவரி 3, செவ்வாய்
இருபது வருடமாக முஸ் சீட்டாட்டத்தில் எனக்கு ஜோடியாக உட்கார்ந்த அனிசெட்டோ, மகளோடு இருக்கப் பில்பாவோ போய்விட்டான். ஞாயிறன்று சாம்பியன் தொப்பிக்கான ஆட்டம்! யாரைக் கூப்பிட்டாலும், "உன்கூடவா? உன் வாய்க்கு யாரு காது குடுக்கிறது?" என்கிறார்கள். பொறாமை. என் பேரைக் கேட்டால் பைரனீஸ் மலையே இரண்டடி ஒதுங்கி வழிவிடும்.

பிப்ரவரி 4
ஜோடி கிடைத்தாயிற்று! அக்கா மகள் நாஹியாவின் வருங்கால மாமியார் காத்தலின். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஆடத் தெரியுமா என்றேன். "உக்காந்து பாருங்க சம்பந்தி, தெரியும்."

பிப்ரவரி 6
மூன்று மணி நேரம் பயிற்சி. என் வெற்றிகளை வரிசையாக விவரித்தேன். சீட்டுக்கட்டைப் பிரிக்க நேரமில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு
ஆப்பிள் மதுக்கூடத்தில் எள் விழ இடமில்லை. எதிரே, நாலு வருடமாகத் தொப்பியை விடாத மாச்சினும் அவன் தம்பியும்.

முதல் கை. காத்தலின் கீழுதட்டைக் கடித்தாள் — இரண்டு ராஜா. ஜோடிக்கு ஜாடை காட்டலாம். எதிராளி பார்த்துவிட்டால் அது நம் தலையெழுத்து. பொய் ஜாடைதான் கூடாது, காட்டினால் ஆட்டம் போச்சு. மாச்சின் பார்த்துவிட்டான்.

"பெரிய சீட்டுக்கு ஓர்தாகோ!" — அந்த ஒரே பந்தயத்தில் மொத்த ஆட்டமும். யார் கையில் ராஜா அதிகமோ அவர்களுக்கு வெற்றி.

என் கையில் ஒரு ராஜாகூட இல்லை. விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். "பயமா மாமா?" என்றான் மாச்சின் பயல். ஆறாயிரம் பேர் பார்க்கிறார்கள் (சரி, அறுபது).

"பாத்துடலாம்டா!"

மாச்சினிடம் மூன்று ராஜா. காத்தலின் தலைகுனிந்து விரித்தாள். "மன்னிச்சுடுங்க சம்பந்தி, ரெண்டுதான்." இரண்டு ராஜா, இரண்டு மூணு.

கூடமே அதிர்ந்தது. எங்கள் ஊரில் மூணும் ராஜாதானே! நாலு ராஜா!

மாச்சின் எழுந்தான். "பொய் ஜாடை!"

"மூணு எப்பங்க ராஜாவாச்சு? எங்க ஊர்ல மொத்தமே நாலு ராஜாதான்."

பின்னாலிருந்து எவனோ "ஏமாத்துக்காரி" என்றான். அவள் முகம் செத்துப்போயிற்று.

"அவங்க பொய் சொல்லலடா. சொல்லிக் குடுக்காதது நான். தொப்பிய நீயே வச்சுக்கோ."

என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு.

பிப்ரவரி 9
தொப்பி இல்லை. குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். எப்படி?

பிப்ரவரி 15, ஞாயிறு
மாலை காத்தலின் வந்தாள், கையில் சீட்டுக்கட்டு.

"மூணு ராஜான்னா, ரெண்டு யாருங்க?"

"ரெண்டு, ஒண்ணுக்குச் சமம்."

"அடுத்த தொப்பிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பேசாம கலைங்க சம்பந்தி."

பேசாமல் கலைத்தேன்.