மூன்று கிலோ ஆற்று மணல்

அக்கா,

இன்று காலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என் தாடைக்குக் கீழே, கழுத்தை இழுக்கும் பட்டையை மாட்டினார்கள். கழுத்தில் வட்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். பத்து நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். யார் யாருடைய வியர்வையிலோ ஊறிக் காய்ந்த அந்தப் பட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. மெஷினைப் போட்ட பெண், "பேசாம இருங்கம்மா, தாடை அசையக் கூடாது" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வலிக்கிறதா என்று பதறினாள். வலியில்லை, உன் நினைப்பு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வாயைத்தான் கட்டியாயிற்றே.

அறுபதுகளில் நான் செஞ்சிக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். தெருவில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் உன் அம்மா. ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் வைத்தியத்துக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்க்க வந்தேன். நீ வலது கையை மடியில் கிடத்தி, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வருஷக்கணக்காகத் தையல் மெஷின் முன்னால் குனிந்த கழுத்து. முதலில் விரல் மரத்தது. பிறகு கத்திரிக்கோல் நழுவியது. ஒருநாள் இடுப்பில் இருந்த மகளே நழுவிவிட்டாள். நாலு வயதுப் பிள்ளை, படியில் விழுந்து நெற்றி கிழிந்ததாம். அதற்கப்புறம்தான் சென்னைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தீர்கள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நீ இங்கே வந்தாய். ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு வாரம் கழுத்தை இழுத்துப் பார்க்கலாம், வீட்டிலேயே செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கொல்லைக் கதவின் நிலைக்கு மேலே ஒரு கப்பி. அதற்குக் கீழே நாற்காலியில் நீ. தாடையைத் தாங்கிய பட்டையிலிருந்து போன கயிறு கப்பியில் ஏறி இறங்க, அதன் மறுமுனையில் மணல் பை. மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கிய மூன்று கிலோ செஞ்சி ஆற்று மணல். உன் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் உப்பு ஒத்தடம் கொடுப்பதும், பட்டையை மாட்டுவதும், பையைத் தொங்கவிடுவதும் என் வேலையாயின. காலையில் அரை மணி, மத்தியானம் அரை மணி. முடிந்ததும் தட்டில் புளியங்கொட்டையைப் போட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வேன். முதல் வாரம் ஒன்றுகூட உனக்கு எடுக்க வரவில்லை.

பட்டை மாட்டியிருக்கும்போது நீ பேச முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது. எதிரே தெரியும் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி இருப்பாய். நான் பேசுவேன். முதலில் விலைவாசி, பஸ், அவர் சாப்பாட்டில் சொல்லும் குறை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள், என்னை அறியாமல் என் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

அவன் பதினோரு நாள் இருந்தான். அதை யாரும் என்னைப் பேச விட்டதில்லை. வாயெடுத்தால் போதும், "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று மூடிவிடுவார்கள். உன்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவன் காது மடல், அவன் கொட்டாவி, நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் எல்லாவற்றையும் நாள் நாளாகச் சொன்னேன். நீ கேட்டாய்.

மூன்றாவது வாரக் கடைசியில் நீ பதினான்கு கொட்டை எடுத்தாய். உன் அம்மா பூரித்துப்போய், "இன்னும் கொஞ்ச நாளுதான், ஆம்பூருக்குக் கெளம்பிடுவா" என்றார்கள். மறுநாள் பையைத் தொங்கவிடுமுன் ஒரு பிடி மணலை எடுத்துக் கொல்லையில் போட்டேன். அடுத்த நாளும். பன்னிரண்டு நாள் அப்படிச் செய்தேன் அக்கா. பதினான்கு கொட்டை ஒன்பதாயிற்று, பிறகு ஆறாயிற்று. அப்போதும் நான் நிறுத்தவில்லை.

அப்புறம் உன் வீட்டுக்காரர் கடிதம் வந்தது. பட்டையோடு குனிந்து படிக்க முடியாதென்று என்னிடம் நீட்டினாய். தெருவில் யார் கேட்டாலும் பிள்ளை, "அம்மா கைய எடுத்தாரப் போயிருக்குது" என்கிறாளாம். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடியில் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, பையிலேர்ந்து தெனம் மணல எடுத்துட்டேன். நீ போயிடுவியேன்னு."

நீ பட்டையைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாய். கழற்றினேன். திட்டுவாய் என்று நின்றேன்.

"தெரியும்" என்றாய். "இழுபடுறது என் கழுத்துதானே? எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்கா சொல்லல?"

"நீ கொயந்தயப் பத்திச் சொல்லிக்கினு இருந்தே. நடுவுல இன்னான்னு நிறுத்தறது?"

பிறகு தாடையைத் தடவிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாய்: "ஆனா போதும்மா. எம் பொண்ணு காத்துக்கினு இருக்குது. போய் மணலப் போட்டு எடுத்தா."

நான் போட்டேன். கடைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தேன். ஆறு வாரம் ஒன்பது வாரமாயிற்று. அந்த மூன்று வாரம் உன் மகளுடையது, நான் எடுத்துக்கொண்டேன். மேல்மலையனூர்க் கோயில் அமாவாசைக் கூட்டம் கழிந்த மறுநாள், நெரிசலில்லாத பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டோம். சுண்டுவிரலில் மட்டும் கடைசிவரை உணர்ச்சி திரும்பவில்லை. அது அந்தப் பன்னிரண்டு நாளாலா என்று நீ இருக்கும்வரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வருஷத்துக்கு இரண்டு கடிதம், கோணல் மாணலாக, உன் கையாலேயே எழுதுவாய். ஒருநாள் உன் மகள் கையெழுத்தில் ஒன்று வந்தது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

போன தை மாதம் என் பேத்தி கரு கலைந்து வந்திருந்தாள். நாலு நாள் யாரிடமும் முகம் கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "அடுத்தது நல்லபடியா" என்று எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது, சாதம் குழைந்தது. அவள் பேசி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை அக்கா.