கணக்கில் வராத புகை

12 ஜனவரி 1998, திங்கள்
மழை. வேலைக்கு வருகிற சீசாப் பக்கத்து பஸ் பிந்திவிட்டது. இன்று: திரைச்சீலை தோய்த்தல், மீன் வாங்குதல், வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் சப்பாத்து துடைத்தல்.

விடிய தங்கச்சி போன். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து. "அக்கா, நிலக்கரி எரிச்சுக் கரண்ட் எடுக்கிற இடத்துச் சாம்பல் சோத்துப்பானைக்குள்ளையும் விழுகுது. சின்னவனுக்கு இழுப்பு. பக்கத்திலை இன்னொண்டும் கட்டப் போறாங்களாம். சாமான் உங்கடை இத்தாலியிலை இருந்துதானாம்."

எங்கடை இத்தாலியாம்! கக்கூஸ் கழுவுகிறவளுக்கு இத்தாலி சொந்தமாம்.

14, புதன்
காற்று. சிஞ்ஞோராவின் புருஷன் தொத்தோரே மதிய விருந்து வைத்தார், ஒரே ஒரு சிநேகிதருக்கு. தொத்தோரேயின் உத்தியோகம் இதுதான்: இத்தாலிக் கம்பனி வெளிநாட்டுக்கு விற்கிற சாமானுக்குக் காசு வராவிட்டால் அரசாங்கம் பொறுப்பு நிற்கும். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் கப்பல் ஏறாது.

சிநேகிதர் கேட்டார், போன மாதம் ஜப்பானில் புகையைக் குறைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டீர்களே, பிறகேன் நிலக்கரிக்குப் பொறுப்பு நிற்கிறீர்கள் என்று. தொத்தோரே சிரித்தார். "அது எங்கள் நாட்டுப் புகைக்கு. அங்கே போகிற புகை எங்கள் கணக்கில் வராது."

பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னார், கடித்துக் குதறி. தங்கச்சியின் முகாம் இருக்கிற ஊர். மீன் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

கோப்பி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். என் தங்கச்சி அங்கே இருக்கிறாள், பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாது, கையெழுத்து வைக்காதீர்கள் என்று. "நீ இந்த நாட்டில் இருக்கிற பெர்மெசோவுக்கும் நான்தானே கையெழுத்து வைத்தேன், அது மட்டும் இனித்ததா?" என்றார். சிநேகிதரும் சிரித்தார்.

நாசமாய்ப் போவான். பாத்திரம் எல்லாம் அடித்து அடித்துக் கழுவினேன்.

18, ஞாயிறு
வெயில். தொத்தோரே ரோமுக்குப் புறப்பட்டார். நாளை கையெழுத்து.

மண் அள்ளித் தூற்றினேன். தலையை விரித்துப் போட்டுத்தான். இந்த ஊரில் எங்கு பார்த்தாலும் கல், மண்ணுக்கு எங்கே போவது? சிஞ்ஞோராவின் பூச்சட்டியில் கைவிட்டு அள்ளினேன். கீழே கார் நகரும்போது பல்கனியிலிருந்து எறிந்தேன். அவன் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். மார்ச்சில் பெர்மெசோ புதுக்க வேண்டும், அதற்கும் அவன் கையெழுத்து. கோழைச் சனியன் நான். அவனை விட்டு, அங்கே கட்டப் போகிற புகைபோக்கியைச் சபித்தேன். "எழும்பக்கூடாது! எழும்பினால் ஆளோடை சரிய வேணும்!"

திரும்பினால் பின்னால் சிஞ்ஞோரா. சிலுவை போட்டுக்கொண்டாள். பாஷை விளங்காவிட்டாலும் இந்த ஊர்ப் பெண்களுக்கு இது விளங்கும்.

"யாருக்கு?"
"இந்த வீட்டுக்கு இல்லை."
மூச்சு விட்டாள். மிச்சக் கேக்கைச் சுற்றித் தந்தாள். தின்றேன், நல்ல ருசி.

19, திங்கள்
மத்தியானம் ரோமிலிருந்து போன். கையெழுத்து வைத்தாயிற்றாம். வைக்கட்டும். பார்ப்போம் எத்தனை நாளைக்கு நிற்குது என்று. வயிறு குளிர்ந்துதான் இருக்கிறது.

10 ஒக்டோபர், சனி
புழுக்கம். மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து, சிஞ்ஞோராவின் மொண்டெல்லோ கடற்கரை வீட்டைப் பூட்டி முடிய மூன்று மணி.

தங்கச்சி போன். கனநாளைக்குப் பிறகு சிரித்துக் கதைத்தாள்.

"அக்கா, இவருக்கு வேலை கிடைச்சிட்டுது! அந்தப் புது இடத்திலை புகைபோக்கிக்குச் சாரம் கட்டுறார். பயமில்லாத ஆள் எண்டு உச்சியிலை விட்டிருக்கினமாம். சின்னவனை இனிப் பெரிய டொக்டரிட்டைக் காட்டலாம். உன்ரை துரைதானே சாமான் அனுப்பினவர்? நான் கும்பிட்டனான் எண்டு சொல்லு."

சொல்லுறன் எண்டன். புகைபோக்கி இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்க வாய் வரவில்லை.