பதின்மூன்று கத்தை

28.12.1995, வியாழன்

மூன்று ஏக்கர் சோளத்தட்டும் இன்று அறுத்து முடிந்தது. பதினாறு பெண்கள், இரண்டு நாள், தலைக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்: எண்ணூறு. உழவுக்கும் விதைக்கும் முன்பே ஆயிரத்து முந்நூற்றைம்பது போயிருக்கிறது. இனி வெயிலில் காய வேண்டும். கத்தை கட்டி, வண்டியேற்றி, வைக்கோல்போர் மாதிரி போர் போட வேண்டும். எருமை இரண்டு, ஜெர்சி ஒன்று. ஆடி வரைக்கும் அவற்றுக்கு இதுதான் தீனி. போன கோடையில் தட்டு தீர்ந்துபோய் நல்ல எருமை ஒன்றைப் பாதி விலைக்கு விற்றேன். இந்த வருடம் அது நடக்கக் கூடாது.

பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம். வீடு நகரத்தில், கணபதியில். அங்கிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புகிறேன். தோட்டத்தைப் பதினான்கு வருடமாக மயில்சாமிதான் பார்க்கிறான். அத்தனை வருடமும் என்ன விளைந்தது, என்ன போனது என்பதற்கு அவன் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அறுத்த பதினாறு பேரில் அவன் மனைவி காளியாத்தாளும் ஒருத்தி. மற்றவர்களைக் கூட்டி வந்ததும் அவள்தான். பதினாறு பேர் தேவைதானா?

4.1.1996, வியாழன்

கத்தை கட்டி முடிந்தது. பத்துப் பேர், இருநூற்றைம்பது ரூபாய். மதியம் மூன்று மணிக்கு அரை மணி நேரம் தூறல். பருவம் தவறிய தூறல்.

நாளை போர் போட இரண்டு வண்டியும் ஆறு ஆட்களும் சொல்லி வைத்திருக்கிறேன். மயில்சாமி ஒரு தட்டை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்த்தான்.

“கணுவுல ஈரம் நிக்குதுங்க. இன்னொரு நாலு நாளு காயட்டுங்களே.”

“வண்டி சொல்லியாச்சு மயில்சாமி. தூறல் மேலாகத்தான் நனைச்சிருக்கு. காலை வெயில்ல காஞ்சுபோகும்.”

“சரிங்க.”

நாலு நாள் என்றால் திருப்பிப் போட, மறுபடி கட்ட ஆள் வேண்டும். காளியாத்தாளின் கூட்டத்துக்கு இன்னொரு கூலி. அவசரமாகச் சரி என்றதைப் பார்த்தால் அதுதான் நோக்கம் என்று தோன்றுகிறது. பிடிபட்டதும் விட்டுவிட்டான்.

5.1.1996, வெள்ளி

போர் எழுந்துவிட்டது. பாறைக் கல் பரப்பி, பனை வாரை போட்டு, அதன்மேல். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கத்தை. நானே நின்று எண்ணினேன். இன்றைய வண்டி, ஆள் கூலி ஐந்நூற்று நாற்பதும் சேர்த்து மொத்தச் செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கத்தைக்கு ஒரு ரூபாய் அறுபது காசு ஆகிறது. சந்தையில் மூன்று ரூபாய்.

மேலே நின்று அடுக்கியது மயில்சாமி. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் செங்கோட்டையன் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இப்படிப் போரு போடற ஆளு இப்ப எங்கீங்க கெடைக்குது, பத்திரிகைக்காரரே?”

9.1.1996, செவ்வாய்

போரின் உயரம் குறைந்தது போலிருக்கிறது. நிஜமாகவே இறங்கியிருக்கிறதா, என் கண்தான் ஏமாற்றுகிறதா?

13.1.1996, சனி

பஸ்ஸில் செங்கோட்டையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர்க்கதை பேசிவிட்டு, கோவில்பாளையம் தாண்டும்போது சொன்னார்.

“மயில்சாமி நேத்துத் தலைச்சுமையா தட்டுக் கொண்டுட்டுப் போனானுங்க. பாறைப் பக்கம். நீங்க சொல்லித்தான் போயிருப்பான், நான் எதுக்குங்க இதுல.”

தோட்டத்துக்குப் போனதும் நேராகப் போரைச் சுற்றி வந்தேன். மேற்குப் பக்கத்தில் கத்தைகள் உருவிய பள்ளம். நாலு இடத்தில், இடுப்பளவு உயரத்தில், கடப்பாரை நுழைந்த ஓட்டை. எந்தப் பக்கம் உருவினால் சரியாது என்று ஆழம் பார்த்திருக்கிறான்.

இன்று கேட்கவில்லை. பொங்கல் போகட்டும்.

16.1.1996, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மயில்சாமிக்கு வேட்டி துண்டு, காளியாத்தாளுக்குச் சேலை. வாங்கிக்கொண்டார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தப்புச் செய்தவன் முகம் இப்படி இருக்குமா? இருக்கும். நிறையப் பார்த்திருக்கிறேன்.

17.1.1996, புதன்

கேட்டுவிட்டேன். செங்கோட்டையனும் மோட்டார் பார்க்க வந்த ஆளும் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். அவர்கள் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன், சாட்சி நல்லது.

“போரை எதுக்குப் பிரிச்சே?”

“உள்ள காங்கை ஏறுதுங்க, சூடு கொதிக்குதுங்க. கடப்பாரையைச் செருகி எடுத்தா கைல புடிக்க முடியலீங்க. அறுவத்தஞ்சு கத்தை எடுத்துப் பாறைல காயப் போட்டிருக்கறனுங்க. முச்சூடும் பிரிச்சு ஒணத்தோணும், நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு...”

பாறைக்குப் போனேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள், காளியாத்தாளும். இரண்டு தரம் எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

“மீதி பதிமூணு எங்கே மயில்சாமி?”

“அது கெட்டுப்போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டனுங்க.”

பன்னிரண்டு நாளில் தட்டு கெட்டுப்போகுமா? மோட்டார்க்காரன் சிரித்தான். செங்கோட்டையன் வானத்தைப் பார்த்தார். முழுப் போரையும் பிரித்தால் என் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்னும் எண்ணும் பிரிந்துபோகும். பிறகு யார் எதை எண்ணுவது? அதற்குத்தான் இந்தக் காங்கைக் கதை.

“இனி போர்ல கை வைக்க வேண்டாம். எனக்குத் தெரியாம ஒரு தாள் போகக் கூடாது” என்றேன்.

“சரிங்க” என்றான்.

காளியாத்தாள்தான் விடவில்லை. “பதினாலு வருசமா உங்க பொருளைத் தின்னுதான் நாங்க கொழுத்துக் கெடக்கறமுங்களா? எங்க ஊட்டுல வந்து பாருங்க, எத்தனை யானை கட்டியிருக்கறம்னு!”

மயில்சாமி அவளைக் கையமர்த்தினான்.

19.1.1996, வெள்ளி

தார்ப்பாய் வாங்கினேன், எண்ணூற்றைம்பது ரூபாய். போரை மூடி, சுற்றிலும் கம்பி இழுத்துக் கட்டினேன். முடிச்சுகளை நானே போட்டேன். யார் அவிழ்த்தாலும் தெரியும்.

மயில்சாமி வரவில்லை. சொல்லியனுப்பவும் இல்லை. மாட்டுக்கொட்டகைச் சாவி ஆணியில் தொங்கியது.

22.1.1996, திங்கள்

மயில்சாமி செங்கோட்டையன் தோட்டத்தில் சேர்ந்துவிட்டான். மூன்றாம் நாளே! இருவரும் முன்பே பேசி வைத்ததா? செங்கோட்டையன் எதற்காக என்னிடம் வந்து சொன்னார்? ஒரு செய்தி கையில் வந்தால், கொடுத்தவனுக்கு அதனால் என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும். பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தலைச்சுமை, தட்டு, பாறைப் பக்கம். எல்லாம் நடந்ததுதான்.

18.2.1996, ஞாயிறு

மாடுகளுக்கு இதுவரை வரப்புப் புல்லும் தவிடுமாக ஓடுகிறது. புது ஆள் நாளுக்கு அறுபது ரூபாய் கேட்கிறான். கம்பி முடிச்சுகள் போட்டபடியே இருக்கின்றன.

மனைவி ராமாமணி என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க, என்ன இது, புளிச்ச மாவு வாசம் அடிக்குது?”

தோட்டத்து வாசம் என்றேன்.

“அந்தப் போருக்குள்ள ஒரு தரமாச்சும் கையை உட்டுப் பாத்தீங்களா?”

காளியாத்தாள் இவளை எங்காவது பார்த்துப் பேசியிருப்பாளோ?

19.2.1996, திங்கள்

கடப்பாரையைச் செருகினேன். கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். பிடிக்க முடியவில்லை.

20.2.1996, செவ்வாய்

ஆறு ஆட்கள். கம்பியை அறுத்துத் தார்ப்பாயை இழுத்தார்கள். ஆவி எழுந்தது. வெளிச்சுற்றில் ஒரு முழம் நல்ல தட்டு. அதற்குள் எல்லாம் வெள்ளைப் பூஞ்சை, நடுவில் கருகல். காலையிலிருந்து மூன்று மணிவரை பிரித்தோம். தேறியது முந்நூற்றுப் பத்து. ஒரு கத்தை கறுப்பை ஜெர்சியின் முன்னால் போட்டேன். மூச்சை ஊதிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பாறையில் கிடந்த ஐம்பத்திரண்டை அன்றைக்கே கொட்டகைப் பரணில் அடுக்கியிருந்தேன். இறக்கிப் பார்த்தேன். பொன் மாதிரி இருக்கிறது. மொத்தப் போரும் அப்படி இருந்திருக்க வேண்டியது.

அட, நான் என்ன செஞ்சுபோட்டேன்.

21.2.1996, புதன்

கெட்டதைக் கொட்ட இடம் வேண்டுமென்று குப்பைக்குழியை ஒரு பக்கம் வெட்டச் சொன்னேன். மேலே ஒரு மாதச் சாணி. அதற்கடியில் மண்வெட்டியில் நார் மாட்டியது. கறுத்துப்போன தட்டு, கட்டு அவிழாமல். மண்வெட்டியை நிறுத்தச் சொல்லி நானே குழிக்குள் இறங்கினேன். தட்டு கையில் பிசுபிசுத்து உதிர்ந்தது. கற்றாழை நார் உதிரவில்லை. காளியாத்தாள் போடும் இரட்டை முடிச்சு. ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் வைத்தேன்.

பதின்மூன்று.

கெட்டதைத் தூக்கிப் போட்டேன் என்றார். எங்கே போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன். குழி, நான் நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி.

அறுபத்தைந்து என்ற எண்ணை எனக்குச் சொன்னதும் அவர்தான். வேறு யாருக்கும் அது தெரியாது. ஒளிக்க நினைத்தவர் ஐம்பத்திரண்டு என்றே சொல்லியிருக்கலாமே.

25.2.1996, ஞாயிறு

எருமை ஒன்றை விற்றுவிட்டேன். மற்ற இரண்டுக்கும் இந்த வட்டாரத்தில் விற்கிற அளவு தட்டு செங்கோட்டையனிடம்தான் இருக்கிறது. கத்தை நாலு ரூபாய். இருநூறு சொன்னேன். “நம்ம ஆளு எடுத்துத் தருவானுங்க” என்று சொல்லிவிட்டு அவர் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

போரடியில் மயில்சாமி நின்றிருந்தார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், எப்போதும் போல.

“வாங்க. ஊட்டுல அம்மா சௌக்கியங்களா?”

“குப்பைக்குழியைப் பார்த்தேன், மயில்சாமி” என்றேன். “பதிமூணும் இருந்தது.”

“அப்படீங்களா.”

“தப்பு என்னுடையது. அத்தனை பேர் முன்னால... திரும்பி வந்துருங்க.”

அவர் போரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இங்க இருக்கறதாச் சொல்லிப்போட்டனுங்க” என்றார். அவ்வளவுதான். கோபம் இருந்ததா என்று குரலில் தேடினேன், கிடைக்கவில்லை.

வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். அவர் முதல் கத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எண்ணிக்கோங்க.”

“வேண்டாம், நீங்க ஏத்துங்க.”

“இல்லீங்க. எண்ணியே எடுத்துட்டுப் போங்க. அதுதானுங்க நல்லது.”

நான் வாய் திறக்கும்வரை அந்தக் கத்தையை அவர் வண்டியில் போடவில்லை. ஒன்று என்றேன். போட்டார். அடுத்ததைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாசி வெயிலில் நின்று, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். வண்டிக்காரனும் வேலியோரம் ஆடு மேய்த்த பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருநூறு. சரியாக இருந்தது.